சாத்தான் காட்சிக்கு மட்டும்

போன செவ்வாய்க்கிழமை பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்த வேண்டும். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் என் மனுவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் மனு... மறுபடியும் முகம்.

எனக்கு உள்ளூர ஒரு குஷி. வாராவாரம் இந்தப் பக்கத்தில் போட்டோவோடு எழுதுகிற ஆசாமி அல்லவா நான்? யாராவது அடையாளம் கண்டுகொண்டால் சிரிப்பதற்கென்றே அடக்கமான ஒரு சிரிப்பை எப்போதும் தயாராக வைத்திருப்பேன்.

"சார், நீங்க பேய் செட்டுல இருந்தவருதானே?" என்றார் அவர்.

சிரிப்பைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

அவர் விடுவதாக இல்லை. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். சின்ன வயதில் நெட்டப்பாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்கள் வாசித்ததைக் கேட்டு மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தாராம். மந்திரித்துக் கயிறு கட்டினார்களாம். இதையெல்லாம் அவர் கோபமாகச் சொல்லவில்லை. தேர்தல் மேடையில் தலைவரைக் கிட்டத்தில் பார்த்தவர் சொல்வதுபோலப் பெருமையாகச் சொன்னார். என் வேலையையும் பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் வீடு வரும்வரை வாய் கசந்தபடியே இருந்தது.

பேய் செட்டு — எட்டு வருடம் உயிரைக் கொடுத்து வாசித்த ஒரு கிறிஸ்தவ ராக் பேண்டுக்கு ஊர் வைத்த பெயர். நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் வேறு. எரிக்கோ. வேதாகமத்தில் வருகிற ஊர். எக்காளம் ஊதி, எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், ஊரைச் சுற்றியிருந்த மதில் இடிந்து விழுந்தது. 'சத்தத்தால் மதில் விழும் என்று வேதத்திலேயே எழுதியிருக்கும்போது, சத்தமாக வாசித்தால் என்ன தப்பு?' இதுதான் எங்கள் தலைவன் லூர்துவின் வாதம். ஊர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும், 'எரிக்கோன்னா இன்னாடா, எதை எரிக்கப் போறீங்க?' என்றார்கள். மதிலுக்கும் சத்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கிச் சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தொண்டை கட்டியது.

யார் இந்த லூர்து? வில்லியனூருக்கு அடுத்த எங்கள் ஊரில் என்னோடு படித்தவன். (ஊர்ப் பெயர் வேண்டாம். என் ரேஷன் கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.) அவன் அப்பா எங்கள் கோயில் உபதேசியார். சாமியாருக்கு, அதாவது பாதிரியாருக்கு, அடுத்தபடி கோயிலில் எல்லாம் அவர்தான். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், பூசைக்கு மணி, பாட்டுக்கு ஆர்மோனியம். பையனைச் சாமியாராக்கிவிட வேண்டும் என்று செமினரியில் சேர்த்தார். ஐந்து வருடம் இருந்தவன், ஆறாவது வருடம் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான்.

கிறிஸ்தவ ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். செமினரியிலிருந்து திரும்பி வருவது என்றால் பரீட்சையில் பெயிலாகி வருவதுபோல் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் வாழாமல் திரும்பி வருவதுபோல. உபதேசியார் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, 'சாப்பிட வரச் சொல்' என்று மனைவியிடம் சொல்வார். வெளியில் என்றால் அந்த வேலை என்னுடையது. 'அவன்கிட்ட சொல்லு தம்பி' என்று எத்தனையோ சேதிகளை என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மகன் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பான்.

லூர்து ஏன் திரும்பி வந்தான்? செமினரியில் ஒரு வெள்ளைக்கார பிரதர் இருந்திருக்கிறார். அவரிடம் ஒரு டேப் ரிக்கார்டர். அதில் முடி வளர்த்த நாலு பையன்கள் கிட்டாரை அலறவிட்டு ஆண்டவரைக் கூவிக் கூப்பிட்டார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து மற்ற எதுவும் காதில் ஏறவில்லை என்றான். 'சாமியாராகி வருஷத்துக்கு முந்நூறு பூசை வைக்கிறதைவிட, இப்படி ஒரு பாட்டு பாடினா போதும்' என்று முடிவு செய்துவிட்டான். பத்தொன்பது வயதில் எடுக்கிற முடிவுகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும் இல்லையா?

கிட்டார் வந்தது ஒரு சொல்தா வீட்டிலிருந்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். பிரான்ஸிலிருந்து லீவில் வந்த அவர்கள் பையன் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பரண்மேல் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஆம்ப்ளிஃபயரை வில்லியனூர் ரேடியோ ரிப்பேர்க் கடையில் செய்தோம். ஸ்பீக்கர், மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸிலிருந்து வந்தது. நடுவில் ஒரு சாண் கிழிந்திருந்தது. அதனால் எதை வாசித்தாலும் கொர்ரென்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். லூர்து அதைக் கேட்டுக் கூத்தாடினான். டேப்பில் கேட்டது இதே சத்தம்தானாம். ரேடியோ மெக்கானிக்குக்கு மட்டும் அவமானமாக இருந்தது. தயவுசெய்து என் கடைப் பெயரை வெளியில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

டிரம்ஸ் வாசிக்க பனித்திட்டிலிருந்து காளியப்பன் வந்தான். மீன்பிடிக்கிற குடும்பம், இந்து. மாசி மகத்துக்கு வந்த ஒரு பேண்டு செட்டில் அவன் அடித்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தோம். கடலிலிருந்து கரையேறி, குளித்துவிட்டு, அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வருவான். கிறிஸ்தவ பேண்டில் உனக்கென்னப்பா வேலை என்று யாரோ கேட்டதற்கு, இவர்கள் சாமிக்குக் காது கேட்காது போலிருக்கிறது, அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். மூன்றாவது ஆள் நான். அப்போது பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். லூர்துவின் கிட்டாருக்குக் கீழே பேஸ் கிட்டாரில் தம்தம் என்று தட்டிக்கொண்டிருப்பது என் பங்கு. பாட்டில் நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஊருக்கு வெளியே கரும்பு வெல்லம் காய்ச்சும் கொட்டாய் ஒன்று இருந்தது. அடுப்பு எரியாத மாதங்களில் அங்கேதான் ஒத்திகை. மோட்டாருக்கு வரும் கரண்ட்டை வாங்கிக்கொள்வோம். வெல்லப் பிசுக்குக்கு வந்த எறும்பு ஸ்பீக்கருக்குள் குடியேறியது. லூர்து மொத்தம் பதினோரு பாட்டு கட்டியிருந்தான். பத்து சுமார். ஒன்று மட்டும்... எப்படிச் சொல்வது? உயிர்ப்புப் பாட்டு. கல்லறை வாசலில் இருந்த கல் புரண்டு, ஆண்டவர் எழுந்து வருகிற பாட்டு.

'கல்லைத் தள்ளு, கல்லைத் தள்ளு — உள்ளே கிடப்பது சாவில்லை.'

ஒத்திகையில் மைக் கிடையாது. வெறும் தொண்டையில்தான் பாடுவான். முதலில் அடிக்குரலில் கிட்டார் முரட்டுத்தனமாக நாலு படி இறங்கும். பிறகு காளியப்பன் அடிக்கிற அடியில் கொட்டாயின் தகரக் கூரை அதிரும். 'உள்ளே கிடப்பது சாவில்லை' என்று லூர்துவின் குரல் மேலே ஏறும்போது, ஆயிரம் தடவை கேட்டும் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது. இவன் பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு நாள் வயரைச் சுற்றும்போது அவனே சொன்னான்.

"சாமியாராத்தான் ஆவல. நைனா ஒரே ஒரு தரம் இதைக் கோயில்ல உக்காந்து கேக்கணும்டா. பாஸ்காவுல, உயிர்ப்பு வர்ற எடத்துல. அதுக்கப்புறமும் எங்கிட்ட பேசலன்னா வுட்டுடறேன்."

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். புகழ் வேண்டாம், சினிமா வேண்டாம். அப்பா கேட்க வேண்டும்.

பாஸ்கா என்பது இயேசுவின் பாடுகளை மேடை போட்டு நடிப்பது. எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தால் ஞாயிறு விடியும்போதுதான் உயிர்ப்புக் காட்சி வரும். சூரியன் எட்டிப்பார்க்கும் நேரத்துக்குக் கல்லறை திறக்கும்படி நடுவில் வசனங்களை இழுத்து ஓட்டுவார்கள். நாடகத்தை நடத்துகிறவர் யார்? வேறு யார், உபதேசியார்தான். பாட்டு மொத்தமும் அவருடைய ஆர்மோனியத்தில்தான்.

நாங்கள் பேண்டு ஆரம்பித்த வருடம், பாஸ்காவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வனாந்தரத்தில் சாத்தான் சோதிக்க வருகிற காட்சிக்குத் தகரத்தைத் தட்டி இடி ஓசை கொடுக்கிற ஆள் வெளியூர் போய்விட்டானாம். அதற்குப் பதிலாக...

"கொட்டாயில கடைசியா ஒண்ணு வாசிக்கிறீங்களே தம்பி, அந்தச் சத்தத்தைப் பேய் வரும்போது வாசிக்கச் சொல்லு" என்றார்.

கடைசியாக நாங்கள் வாசிப்பது எப்போதும் உயிர்ப்புப் பாட்டுதான்.

நான் ஓடிப்போய் லூர்துவிடம் சொன்னேன். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்று நினைத்தாலும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. நைனா கேட்டிருக்கிறார், அதுவும் அந்தப் பாட்டையே கேட்டிருக்கிறார்... அவன் கண்டது அது மட்டும்தான். ஆனால் பேய்க்கா, என்று கொஞ்சம் தயங்கினான். உயிர்ப்புப் பாட்டைப் போய் எப்படி? யோசனை சொன்னது நான். வார்த்தையை எடுத்துவிடு, வெறும் கிட்டார் மட்டும் வாசி, யாருக்குத் தெரியப்போகிறது? முதலில் உள்ளே நுழைவோம், இந்த வருடம் பேய், அடுத்த வருடம் உயிர்ப்பு என்றேன். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

நுழைந்தோம். மேடையின் வலது பக்கம் மோட்சம், இடது பக்கம் நரகம். எங்களை நரகத்துப் பக்கம் உட்காரவைத்து, விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினார்கள். சாத்தான் வேஷம் கட்டுகிற மில் தொழிலாளி அந்தோணி, கொம்பும் சூலாயுதமுமாக எங்கள் பின்னால் நின்றார். கிட்டார் நாலு படி இறங்கியது. கிழிந்த ஸ்பீக்கர் உறுமியது. காளியப்பன் விளாசினான். அந்தோணி ஒரே தாவாகத் தாவி மேடைக்குப் போனார்.

முன்வரிசையில் இருந்த குழந்தைகள் ஒட்டுமொத்தமாக வீறிட்டன. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் பாய், தலையணையோடு எழுந்து ஓடிப்போய்க் கோயில் கதவைத் தட்டினார். எங்கள் ஊர் பாஸ்கா வரலாற்றிலேயே அப்படி ஒரு வெற்றி கிடையாது.

மறுவருடம் நாலு பங்குக் கோயில்களிலிருந்து ஆள் வந்தது. அதற்கடுத்த வருடம் ஒன்பது. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், அந்தப் பக்கம் கடலூர்வரை போனோம். நோட்டீஸில் எங்கள் பெயரை அச்சடித்தார்கள்: 'சாத்தான் காட்சிக்கு மட்டும் — எரிக்கோ குழுவினரின் மேல்நாட்டுச் சத்தம்.' கவனித்தீர்களா? இசை என்றுகூடப் போடவில்லை.

போன இடத்திலெல்லாம் ஒரே சட்டம்தான். இயேசு மேடையில் கால் வைத்தால் எங்கள் சுவிட்ச் அணைய வேண்டும். மைக் செட்காரர் ஒருவர் அதற்கென்றே சுவிட்ச்மேல் கை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை லூர்து ஆசையில் இரண்டு சுரம் கூடுதலாக வாசித்துவிட்டான். விழாக் கமிட்டி மொத்தமும் திரண்டு வந்து, சேசுநாதர் முன்னால் பேய்ச் சத்தம் கேட்கலாமா என்று அவனைப் பிடித்துக்கொண்டது. சேசுநாதருக்காகக் கட்டிய பாட்டு அது என்று எந்த வாயால் சொல்வது?

பாஸ்கா காலம் இரண்டு மாதம். மீதி பத்து மாதம்? கல்யாணத்துக்குப் பேயை யார் கூப்பிடுவார்கள்? லூர்துவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் பேய் செட்டு என்று தெரிந்ததும் காபியே வரவில்லை. ஒவ்வொரு வருடமும் உயிர்ப்புக் காட்சியைக் கேட்போம். ஒவ்வொரு வருடமும் உபதேசியார் என் வழியாக ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவார்: பேய்க்குத்தான் அது நன்றாக இருக்கிறது.

என் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பெல் அடிக்கிற ஆள் வராத ஒரு நாள், போனால் போகிறது என்று இவர் போய் அடித்தார். ரிடையர் ஆகும்வரை அவர்தான் பெல் அடித்தார். உலகம் நம்மை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டதோ, அந்த வாசலிலேயே நம்மை நிறுத்திவைத்துவிடும். உள்ளே போனபிறகு நடு வீட்டுக்கு நகர்ந்துவிடலாம் என்பதெல்லாம் என்னைப் போன்ற கெட்டிக்காரர்கள் போடுகிற கணக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் செட்டு பிடித்திருந்தது. டீக்கடையில் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் பையன்கள் பயந்தார்கள். லூர்து ஒவ்வொரு மேடையிலிருந்தும் இன்னும் கொஞ்சம் சுருங்கி இறங்கினான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். அவன் துக்கத்தை நான் தெரிந்துகொள்ளவில்லை என்பது பொய். தெரிந்துகொண்டுதான் இருந்தேன்.

பாகூரை அடுத்த ஓர் ஊரில் நாடகம் முடிந்தபின், ஒரு தாய் தன் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நாலு வயது இருக்கும். போன வருடம் எங்கள் சத்தத்தைக் கேட்டதிலிருந்து தூக்கத்தில் அலறுகிறதாம். 'இந்த அண்ணன்தான்டி வாசிச்சது, பேய் இல்ல பாரு' என்று லூர்துவைக் காட்டினார். லூர்து சிரித்தான். குழந்தையும் சிரித்தது. உடனே அவனுக்கு உற்சாகம் வந்து, வயரைக் கழற்றிவிட்டு, தாலாட்டுப்போல மெல்ல அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டினான். நாலாவது சுரத்தில் குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலற ஆரம்பித்தது.

சத்தத்துக்கு அது பயப்படவில்லை. மெட்டுக்குப் பயந்தது. அன்றைக்கே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். காளியப்பனுக்குப் புரிந்தது.

எட்டாவது வருடம் இரண்டு விஷயங்கள் நடந்தன. உபதேசியாரின் வலது கை விரல்கள் வாதத்தில் மடங்கிப்போயின. புதிதாக ஓர் இளம் சாமியார் பங்குக்கு வந்தார். இளைஞர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. லூர்துவின் ஆசையைக் கேள்விப்பட்டதும், உயிர்ப்புக் காட்சிக்கு இந்த வருடம் நீங்களே வாசியுங்கள் என்றார். உபதேசியார் எதிர்ப்பார் என்று பார்த்தேன். 'சாமி சொன்னா சரி' என்றார். அவ்வளவுதான்.

லூர்து மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டை தைத்தான், வெள்ளைச் சட்டை. எந்தப் பாட்டு என்ற பேச்சே எழவில்லை. காளியப்பன்தான் எழுப்பினான்.

"அந்தப் பாட்டு வேணாம்பா. எங்க ஊர்ல புள்ளைங்க அதைக் கேட்டா ஓடுதுங்க. வேற எதுனா வாசி" என்றான்.

மற்ற பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் ஒப்புக்குச் சொன்னேன். லூர்து கேட்கவில்லை. இத்தனை நாள் வார்த்தை இல்லாமல் வாசித்தோம், இப்போது வார்த்தை இருக்கிறது, வார்த்தையைக் கேட்டால் ஜனங்களுக்குப் புரிந்துவிடும் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அந்த வார்த்தைகளும் அதே கிழிந்த ஸ்பீக்கர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதை மூன்று பேரும் மறந்துபோனோம்.

ஞாயிறு விடியற்காலை. மூங்கிலும் சிமென்ட் சாக்குமாகச் செய்த கல்லறை. ஜனங்கள் பாதித் தூக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். கிழக்கே வெளுத்தது. சம்மனசு (தேவதூதர்) வேஷம் போட்ட பையன் கயிற்றை இழுக்க, கல் நகர்ந்தது.

லூர்துவின் கிட்டார் நாலு படி இறங்கியது.

கூட்டம் மொத்தமும் திடுக்கிட்டு விழித்தது. பேய் வருது என்று யாரோ கத்தினார்கள். குழந்தைகள் வீறிட்டன. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். 'கல்லைத் தள்ளு' என்று அவன் பாடியது கொர்ர் கொர்ர் என்றுதான் கேட்டது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தன் காட்சிகளை முடித்துவிட்டு, வேஷத்தைக் கலைக்காமல் மேடைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார் சாத்தான் அந்தோணி. எட்டு வருடப் பழக்கம். எந்தச் சத்தம் கேட்டால் பாய வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். கண்ணைக்கூடத் திறக்காமல் சூலாயுதத்தோடு ஒரே தாவு — உயிர்த்தெழுந்து வெளியே வந்த இயேசுவின் முன்னால் போய் நின்று, வழக்கமான அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

இயேசு வேஷம் கட்டியவர் சாதுவான மனிதர். பயந்துபோய்த் திரும்பக் கல்லறைக்குள் போய்விட்டார்.

பிறகு சிரிப்பு எழுந்தது. ஆயிரம் பேருக்குமேல் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. லூர்து நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தான். காளியப்பன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். நானும் விரலை எடுத்துவிட்டேன். தனியாக 'உள்ளே கிடப்பது சாவில்லை' என்று அவன் மேலே ஏறுகிற நேரத்தில், மைக் செட்காரர் சுவிட்சை அணைத்தார்.

உபதேசியார் எழுந்து ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் துருத்தியைத் தள்ள, இடது கையால் மட்டும், எல்லோருக்கும் தெரிந்த பழைய அல்லேலூயாவை வாசித்தார். ஜனங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். இயேசு மறுபடியும் உயிர்த்தார்.

எரிக்கோவின் கதை அதோடு முடிந்தது. காளியப்பன் இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். நான் உங்களிடம் வாராவாரம் கதை அளந்துகொண்டிருக்கிறேன். லூர்து கடலூர்ப் பக்கம் ஒரு சைக்கிள் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறான். ஈஸ்டர் பூசைக்கு வருவான், பாட்டு ஆரம்பிக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவான். உபதேசியார் இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. அந்த ஞாயிறு காலையில் நடந்த ஒன்றை இதுவரை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. வெயில் ஏறிவிட்டது. நாங்கள் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். உபதேசியார் மேடைக்கு ஏறி, நரகத்துப் பக்கம் வந்தார். ஏதோ சேதி சொல்லி அனுப்ப என்னைத்தான் தேடுகிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். ஒன்பது வருடம் கழித்து மகன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அது உயிர்ப்புப் பாட்டுன்னு எனக்கு மொதல்லியே தெரியும்" என்றார்.

லூர்துவின் கை நின்றது.

"வயலுக்குத் தண்ணி திருப்ப வந்தப்ப கொட்டாயில நீ பாடிகினு இருந்த. மைக் இல்ல. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிச்சி. முழுசா நின்னு கேட்டேன். அப்புறம்தான் இவனைக் கூப்ட்டு, அந்தப் பாட்டைப் பேய்க்கு வாசிக்கச் சொன்னேன்."

இவன் என்றது என்னை. அந்த மனிதரை அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எட்டு வருடம். ஒவ்வொரு வருடமும் நாங்கள் ஊர் ஊராகப் போய், எங்கள் கையாலேயே அந்தப் பாட்டைப் பேயாக்கியிருக்கிறோம். அவர் விரலைக்கூட அசைக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

லூர்து கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. சுற்றிய வயரைக் கீழே வைத்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாட்டு எப்பிடி நைனா இருந்திச்சி?"

உபதேசியார் தன் ஆர்மோனியத்தைப் பார்த்தபடி மடங்கிய விரல்களை இடது கையால் தடவிக்கொண்டார். பிறகு படியில் இறங்கப் போனவர், திரும்பாமலே சொன்னார்.

"ரொம்ப நல்லா இருந்திச்சி. அதனாலதான்."

எட்டு வருடத்தில் எரிக்கோவுக்கு வந்த விமர்சனம் அது ஒன்றுதான்.